"காணவில்லை" என்று எழுதி மூடிய ஏடு

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு "அருமை ஐயா" என்று மட்டும் போடாதீர்கள். காலமெல்லாம் விடைத்தாள் திருத்தியவனுக்கு, யார் முழுசாகப் படித்தார்கள், யார் முதல் பத்தியோடு நிறுத்தினார்கள் என்பது தெரிந்துவிடும்!

2025 ஜனவரியில் 'ஸ்கை ஃபோர்ஸ்' என்று ஓர் இந்திப் படம் வந்தது. அதைப் பார்த்துவிட்டு உங்களில் சிலர், "ஐயா, இது நிஜமாக நடந்ததா, சினிமாக்காரர்கள் கட்டியதா?" என்று கேட்டிருந்தீர்கள். படத்தில் பெயர்களை மாற்றியிருக்கிறார்கள், சினிமாவுக்கு வேண்டிய சரக்கையும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அடியில் இருப்பது உண்மைச் சம்பவம். சினிமா விமர்சனம் எழுதுவது என் வேலை இல்லை. அந்த உண்மையான மனிதரைப் பற்றியும், அவர் செய்தது நமக்குத் தெரிய 20 வருடங்களுக்கு மேல் ஆனது ஏன் என்பதைப் பற்றியும் என் கருத்தைச் சொல்கிறேன். இதில் நாம் பெருமைப்படவும் இடம் இருக்கிறது, வெட்கப்படவும் இடம் இருக்கிறது.

அவர் பெயர் அஜ்ஜமாட போபய்யா தேவய்யா. குடகுக்காரர். ஃபீல்டு மார்ஷல் கரியப்பா, ஜெனரல் திம்மய்யா இருவரையும் கொடுத்த அதே சின்னஞ்சிறு மலைநாடு. 1932 டிசம்பர் 24 அன்று பிறந்தவர். 1954ல் இந்திய விமானப்படையில் விமானியாகச் சேர்ந்தார். 1965ல் பாகிஸ்தானுடன் போர் மூண்ட சமயத்தில் அவர் பார்த்துக்கொண்டிருந்த வேலை என்ன தெரியுமா? இளம் விமானிகளுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுப்பது. ஆமாம், அவரும் ஒரு வாத்தியார்தான். போர் வந்ததும் பஞ்சாபில் ஜலந்தர் பக்கம் இருக்கும் ஆதம்பூர் தளத்துக்கு, விமானப்படையின் 1ஆம் ஸ்குவாட்ரனுக்கு அனுப்பப்பட்டார். அந்தப் படைப்பிரிவுக்குப் 'புலிகள்' என்று பெயர். அவர்களிடம் இருந்தது பிரான்சில் செய்த மிஸ்டேர் ரக விமானங்கள்.

1965 செப்டம்பர் 6 அன்று நம் ராணுவம் லாகூர் முனையில் எல்லையைத் தாண்டியது. அன்று மாலையே பாகிஸ்தான் விமானங்கள் நம்முடைய பதான்கோட் தளத்தைத் தாக்கின. தரையில் நின்றிருந்த நிலையிலேயே சுமார் 10 விமானங்களை நாம் இழந்தோம். மறுநாள், செப்டம்பர் 7 விடியும் நேரத்தில், பாகிஸ்தானின் முக்கியமான விமானத் தளமாகிய சர்கோதாவைத் தாக்க 12 மிஸ்டேர் விமானங்கள் புறப்படுவதாக ஏற்பாடு. தலைமை தாங்கியவர் விங் கமாண்டர் ஓ. பி. தனேஜா.

ஆதம்பூரிலிருந்து சர்கோதா நேர்கோட்டில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். இன்றைக்கு நமக்கு அது ஒரு தூரமாகத் தெரியாது. ஆனால் ரேடார் கண்ணில் படாமல் இருக்க மரம் மட்டத்துக்குத் தாழ்வாகப் பறக்கவேண்டும். தாழப் பறந்தால் எரிபொருள் மளமளவென்று தீரும். மிஸ்டேர் விமானத்துக்குப் போய் அடித்துவிட்டுத் திரும்பி வரும் அளவுக்குத்தான் எண்ணெய் இருக்கும். வழியில் சண்டை போட்டுக்கொண்டிருக்க மிச்சம் இருக்காது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

தேவய்யா அந்தப் பன்னிரண்டு பேர் பட்டியலில் இல்லை. அவர் கையிருப்பு விமானி. யாருடைய விமானமாவது மக்கர் செய்தால் அந்த இடத்தை நிரப்புவதற்காகத் தயாராக நிற்பவர். அன்று ஒரு விமானம் அணியிலிருந்து விலக நேர்ந்தது. தேவய்யா அந்த இடத்துக்குப் போனார்.

கிரிக்கெட்டில் 'பன்னிரண்டாவது ஆள்' என்றால் நாம் ஒரு மாதிரிதான் பார்ப்போம். தண்ணீர் பாட்டில் கொண்டுபோகிறவர் என்று. ஆனால் ஒரு வேலையை நம்பி ஒப்படைக்கும்போது, கையிருப்பு ஆளும் முதல் ஆளுக்குச் சமமாகத் தயாராக இருக்கவேண்டும். "என் பெயர் பட்டியலில் இல்லையே, ராத்திரி நன்றாகத் தூங்குவோம்" என்று அவர் இருந்திருக்க முடியாது. வகுப்பில் பின் பெஞ்சில் உட்கார்ந்து, "நம்மை எங்கே கேட்கப்போகிறார்" என்று இருந்த சிலருக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் யார் என்று உங்களுக்கே தெரியும்!

இனி சண்டைக்கு வருகிறேன். சர்கோதாவைத் தாக்கிவிட்டு நம் விமானங்கள் திரும்பிக்கொண்டிருந்தபோது, பாகிஸ்தானின் ஃப்ளைட் லெப்டினன்ட் அம்ஜத் ஹுசைன் ஒரு எஃப்-104 ஸ்டார்ஃபைட்டரில் துரத்தி வந்தார். ஸ்டார்ஃபைட்டர் அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனம் செய்த விமானம். ஒலியின் வேகத்தைப் போல இரண்டு மடங்கு வேகம் போகக்கூடியது. இலக்கைத் தேடிப் போய்த் தாக்கும் சைட்வைண்டர் ஏவுகணையும் அதில் உண்டு. நம் மிஸ்டேர் நேராகப் பறக்கும்போது ஒலியின் வேகத்தைக்கூட எட்டாது. அதனிடம் வான்சண்டைக்கு இருந்தது இரண்டு 30 மில்லிமீட்டர் பீரங்கிகள்.

அம்ஜத் ஏவிய ஏவுகணை குறி தவறியது. அடுத்து அவர் பீரங்கியால் சுட்டார். தேவய்யாவின் விமானம் அடிபட்டது. அது முடிந்துவிட்டது என்று நினைத்து, அம்ஜத் மற்ற விமானங்களைத் தேடிப் போனார். அடிபட்ட மிஸ்டேர் முடிந்துவிடவில்லை. அது ஸ்டார்ஃபைட்டர் பக்கமே திரும்பிச் சண்டைக்கு வந்தது.

"இரண்டு மடங்கு வேகமான விமானத்தை மெதுவான விமானம் எப்படி ஐயா மடக்கும்?" என்று கேட்பீர்கள். வேகம் ஒன்றுதான் பலம் என்று நினைக்காதீர்கள். நெடுஞ்சாலையில் விரைவுப் பேருந்தை ஸ்கூட்டர் பிடிக்க முடியாது. சந்துக்குள் நுழைந்தால்? பேருந்து திரும்ப இடம் தேடும், ஸ்கூட்டர் சட்டென்று வளைந்துவிடும். ஸ்டார்ஃபைட்டரின் இறக்கைகள் மிகக் குட்டையானவை. உயரத்தில், நேர்கோட்டில் சீறிப் பாய்வதற்காகச் செய்தவை. தரையோரமாக வளைந்து வளைந்து சண்டை போடும்போது, மிஸ்டேரால் அதைவிடச் சிறிய வட்டத்தில் திரும்ப முடியும். தேவய்யா பறக்கக் கற்றுக்கொடுத்த வாத்தியார் அல்லவா, எந்த விமானம் எங்கே பலம், எங்கே பலவீனம் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

அந்தச் சண்டையில் ஸ்டார்ஃபைட்டர் அடிபட்டுக் கட்டுப்பாட்டை இழந்தது. அம்ஜத் பாராசூட்டில் குதித்து உயிர் தப்பினார். தேவய்யா திரும்பவில்லை. அவர் உடலும் நாட்டுக்கு வரவில்லை. அவருக்கு அப்போது 32 வயது. மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தார்கள்.

எரிபொருள் கணக்கை மனத்தில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அடிபட்ட விமானம், எதிரி நாட்டு வானம், வீட்டுக்குப் போகும் அளவுக்கு மட்டும் எண்ணெய். திரும்பிச் சண்டைக்குப் போகிறவர் வீடு போய்ச் சேர்வது கடினம் என்று எந்த விமானிக்கும் தெரியும். அதே சமயம், அவர் சண்டையிட்ட அந்தச் சில நிமிடங்கள் அம்ஜத் வேறு யாரையும் துரத்த முடியவில்லை என்பதும் உண்மை. மற்றவர்கள் ஆதம்பூருக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

போய்ச் சேர்ந்தவர்கள் தலையை எண்ணிப் பார்த்தார்கள். தேவய்யா இல்லை. என்ன ஆனார் என்று கண்ணால் கண்டவர் யாரும் இல்லை. தரையிலிருந்து சுட்டிருப்பார்களோ, எண்ணெய் தீர்ந்திருக்குமோ, ஒன்றும் தெரியாது. ஏட்டில் எழுதியது ஒரே ஒரு சொல்: காணவில்லை.

பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு பையன் வரவில்லை என்றால் ஒரு குறி போடுவோம். ஏன் வரவில்லை என்று அந்தக் குறி சொல்லாது. சினிமாவுக்குப் போனவனுக்கும் அதே குறிதான், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவனுக்கும் அதே குறிதான். தேவய்யாவுக்கு இந்த நாடு 20 வருடங்களுக்கு மேலாகப் போட்டு வைத்திருந்தது அந்தக் குறிதான்.

பிறகு உண்மை எங்கிருந்து வந்தது? இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். அது எதிர்த்தரப்பிலிருந்து வந்தது. ஜான் ஃப்ரிக்கர் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் பாகிஸ்தான் விமானப்படையின் ஒத்துழைப்போடு 1965 வான்போரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது 1979ல் வெளிவந்தது. ஸ்டார்ஃபைட்டர் ஒன்றை ஒரு மிஸ்டேர் விமானம் சண்டையில் வீழ்த்தியது என்ற விவரம் அதில் இருந்தது. நம் விமானப்படையின் வரலாற்றைத் தொகுக்கும் பணியில் இருந்தவர்கள் அதைக் கவனித்தார்கள். அந்த நாளில், அந்த இடத்தில் இருந்து திரும்பாத மிஸ்டேர் எது? தேவய்யாவுடையது. கணக்கு சரியாகப் பொருந்தியது. அன்று தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய தனேஜா, 1987ல் அரசுக்கு எழுதினார். 1988ல் தேவய்யாவுக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது. போர்க்களத்தில் காட்டும் வீரத்துக்கு நம் நாட்டின் இரண்டாவது உயரிய விருது அது. அவர் மனைவி அதைப் பெற்றுக்கொண்டார். 23 வருடங்கள். அப்பா போனபோது சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள் வளர்ந்து ஆளாகிவிட்ட காலம்.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும் என்று எனக்குத் தெரியும். முன்கூட்டியே பதில் சொல்லிவிடுகிறேன்.

முதல் மறுப்பு: "எதிரி நாட்டுக்காரன் சொன்னதை வைத்து நாம் விருது கொடுக்கலாமா?" தாராளமாகக் கொடுக்கலாம். எங்களுக்கு வரலாற்றுப் பாடத்தில் சொல்லிக்கொடுத்த அரிச்சுவடி இது: ஒருவன் தன் பெருமையைச் சொல்லும்போது சந்தேகப்படு, தனக்கு இழுக்கான ஒன்றை அவனே ஒப்புக்கொள்ளும்போது காது கொடு. தங்களிடம் இருந்த விலை உயர்ந்த விமானத்தைப் பழைய விமானம் ஒன்று வீழ்த்தியது என்று சொல்வதில் பாகிஸ்தானுக்கு என்ன லாபம்? லாபம் இல்லாத இடத்தில் வரும் சாட்சிக்கு எடை அதிகம்.

ஆனால் பிள்ளைகளே, இந்த நியாயம் இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. நமக்குப் பெருமை வரும்போது மட்டும் எதிர்த்தரப்பு ஏட்டை நம்புவேன், நமக்கு இழப்பு என்று எழுதியிருந்தால் "எல்லாம் பொய்" என்று தள்ளுவேன் என்றால் அது வரலாறு ஆகாது. பதான்கோட்டில் தரையிலேயே விமானங்களை இழந்ததை மேலே நானே எழுதினேன். அதை எழுதியதால் என் தேசப்பற்று குறைந்துவிட்டதா? தேவய்யா மறுநாள் எந்தச் சூழ்நிலையில் பறந்தார் என்பதே அதைச் சொன்னால்தான் புரியும்.

அதே செப்டம்பர் 7, அதே சர்கோதா வானம். அன்று பாகிஸ்தானின் எம். எம். ஆலம் என்ற விமானி, ஒரு நிமிடத்துக்குள் ஐந்து இந்திய ஹண்டர் விமானங்களை வீழ்த்தியதாக அறிவிக்கப்பட்டது. அவர் அந்த நாட்டில் பெரிய நாயகன். செப்டம்பர் 7ஐ அவர்கள் விமானப்படை நாளாகவே கொண்டாடுகிறார்கள். இந்தியத் தரப்புப் பதிவுகள் ஐந்து என்ற எண்ணிக்கையை ஏற்பதில்லை. ஆலம் திறமைசாலி என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கேள்வி எண்ணிக்கையைப் பற்றியது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவருடைய கணக்கு உடனே அறிவிக்கப்பட்டு முரசறையப்பட்டது, பிறகு கேள்விக்கு உள்ளானது. இன்னொருவர் செய்தது யாருக்கும் தெரியாமல் கிடந்து, பிறகு எதிர்த்தரப்பின் ஏட்டாலேயே மெய்ப்பிக்கப்பட்டது. சத்தமாகச் சொல்லப்படுவதெல்லாம் உண்மை இல்லை, சத்தம் இல்லாததெல்லாம் ஒன்றும் நடக்காதது இல்லை. கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை ஐந்து மணிக்கே போர்ச் செய்தி பரப்பும் என் மைத்துனர்மார்களும் இதைக் கொஞ்சம் படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்!

இரண்டாவது மறுப்பு: "கடமையைச் செய்தவருக்கு விருது எதற்கு? அவர் விருதுக்காகவா பறந்தார்?" கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இதை எப்போதும் சொல்வது உயிரோடு இருக்கும் நாம்தான். விருது அவருக்குத் தேவைப்படாமல் இருக்கலாம். அவர் வீட்டாருக்கு என்ன நடந்தது என்ற பதில் தேவைப்பட்டது.

அதே போரில், அதே குடகிலிருந்து இன்னொரு விமானி. கரியப்பாவின் மகன் நந்தா கரியப்பா. போரின் கடைசிக் கட்டத்தில் அவருடைய ஹண்டர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, பாகிஸ்தானில் சிறைப்பட்டார். பிரிவினைக்கு முன்பு கரியப்பாவின் கீழ் வேலை பார்த்தவர் அன்றைய பாகிஸ்தான் அதிபர் அயூப் கான். மகனை விடுவிக்கத் தயார் என்று சொல்லியனுப்பினார். சிறையில் இருக்கும் எல்லா வீரர்களும் தனக்குப் பிள்ளைகளே, தன் மகனுக்கு மட்டும் தனிச் சலுகை வேண்டாம் என்று கரியப்பா மறுத்துவிட்டார். இந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நான் சொல்ல வருவது வேறு. அந்தத் தகப்பனுக்குத் தன் மகன் உயிரோடு இருக்கிறான் என்றாவது தெரிந்தது. அது தெரிந்த பிறகுதான் பெருந்தன்மையைக் காட்டவே ஒருவருக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. தேவய்யா வீட்டாருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. என்ன நடந்தது, எப்படி நடந்தது, கடைசியில் என்ன செய்தார் என்று சொல்ல ஆள் இல்லை.

இன்னொரு உதாரணம் பாருங்கள். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் தளத்தை ஆறு சேபர் விமானங்கள் தாக்கின. குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே சின்ன நாட் விமானத்தில் எழும்பி, தன்னந்தனியாக அவற்றோடு மோதி உயிர்விட்டவர் ஃப்ளையிங் ஆஃபீசர் நிர்மல் ஜித் சிங் செகோன். அவருக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது. விமானப்படையில் அதைப் பெற்ற ஒரே வீரர் அவர்தான். அவர் வீரத்தில் ஒரு துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் போரிட்டது நம்முடைய தளத்துக்கு மேலே. பார்க்கவும் கேட்கவும் நம் ஆட்கள் இருந்தார்கள். தேவய்யா போரிட்டது எதிரியின் மண்ணுக்கு மேலே. இருவரும் தனி ஆளாக நின்று போரிட்டவர்கள்தான். ஒருவருக்குச் சாட்சி கீழேயே நின்றது. இன்னொருவருக்கான சாட்சி, அவரே சுட்டு வீழ்த்திய மனிதராக இருந்தார்.

அந்த அம்ஜத் ஹுசைன் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 1971 போரிலும் பறந்தார். அமிர்தசரஸ் பக்கம் நம் தரைப்பீரங்கியால் வீழ்த்தப்பட்டு, நம்மிடம் கைதியாக இருந்து, பிறகு ஊர் திரும்பினார். இரண்டு போரிலும் விமானம் போய், உயிர் பிழைத்த மனிதர். அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான். அவர் பிழைக்காமல் போயிருந்தால் தேவய்யாவின் கதையும் அந்த வானத்தோடு கரைந்து போயிருக்கும். எதிரியை வெறுப்பது ஒன்றே நாட்டுப்பற்று என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கவேண்டும்.

இனி அரசாங்கத்துக்கு வருகிறேன். 1965 போரின் அதிகாரபூர்வமான வரலாற்றைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவு 1992ல் தொகுத்து முடித்தது. போர் முடிந்து 27 வருடம் கழித்து! அதுவும் உடனே மக்கள் கைக்கு வரவில்லை. 2000 வாக்கில் இணையத்தில் வெளியான பிறகுதான் ஆர்வம் உள்ளவர்கள் படிக்க முடிந்தது. 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு புதிய கொள்கையை அறிவித்தது. ஒரு போரோ ராணுவ நடவடிக்கையோ முடிந்தால், இரண்டு வருடத்துக்குள் குழு அமைக்கவேண்டும், அடுத்த மூன்று வருடத்துக்குள் வரலாற்றைத் தொகுத்து முடிக்கவேண்டும், பொதுவாக 25 வருடத்தில் ஆவணங்களைத் திறந்துவிடவேண்டும் என்பது அதன் சாரம். நல்ல கொள்கை, மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் கொள்கையை அறிவிப்பது நேரத்தாள் ஒட்டுவது மாதிரி. பாடம் நடந்ததா என்பதுதான் முக்கியம்.

"ராணுவ ரகசியம் ஐயா, எல்லாவற்றையும் வெளியில் சொல்ல முடியுமா?" என்றும் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நேற்று நடந்த சண்டையின் நுணுக்கத்தை இன்றைக்கே கடைவீதியில் வைக்கச் சொல்லவில்லை. ஆனால் மிஸ்டேர் விமானங்களையே நம் படை கைவிட்டுப் பல வருடங்கள் ஆன பிறகும், அதில் பறந்தவர்களின் கதையைப் பூட்டி வைப்பதில் யாருக்குப் பாதுகாப்பு? பூட்டி வைத்த இடத்தில் வதந்தி வளரும். உண்மையான வீரர் மறைந்து கிடப்பார், வாய் உள்ளவர் மேடை ஏறுவார்.

நம் முன்னோர்கள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். கர்நாடகத்தில் ஊருக்கு ஊர் வீரகல் இருக்கிறது, நம் பக்கம் நடுகல் இருக்கிறது. எந்த அரசன் காலம், யாருடைய மகன், எந்தச் சண்டையில் விழுந்தான் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். மாடு பிடி சண்டையில் செத்த சாதாரண ஆளுக்கும் பெயர் பொறித்துக் கல் நட்டார்கள். காகிதமும் கணினியும் இல்லாத காலத்தில் அவர்களால் முடிந்தது. இப்போது மடிக்கேரியில் ஒரு சந்திப்புக்குத் தேவய்யாவின் பெயர் இருக்கிறது. குடகுக்குச் சுற்றுலா போகிறவர்கள் காபி, தேன், மிளகு வாங்குவதோடு அந்தப் பெயர்ப் பலகை முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

போரைப் புகழ்ந்து இதை நான் எழுதவில்லை. 1965 போர் செப்டம்பர் 23 அன்று நின்றது. 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் ஒப்பந்தம் ஆகி, இரண்டு படைகளும் பழைய இடத்துக்குத் திரும்பின. எல்லைக்கோடு திரும்பியது, மனிதர்கள் திரும்பவில்லை. போர் வேண்டாம் என்று நினைப்பவர்களுக்குத்தான் போரில் போனவர்களின் கணக்கு சரியாக இருக்கவேண்டும் என்ற அக்கறை அதிகம் இருக்கவேண்டும். விலை என்ன என்று தெரிந்தால்தானே அதைக் கொடுக்க யோசிப்போம்?

இப்போது உங்களுக்கு வீட்டுப்பாடம். ஓய்வு பெற்றாலும் இந்தப் பழக்கம் போகவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் அரசு அலுவலகங்களில் இருப்பவர்கள் நிறையப் பேர். கோப்பில் குறிப்பு எழுதும்போது, "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று மொட்டையாக எழுதாதீர்கள். யார், எப்போது, எங்கே, என்ன செய்தார் என்று எழுதுங்கள். முப்பது வருடம் கழித்து யாரோ ஒரு விதவையின் மனு அந்த ஒரு வரியில் தொங்கிக்கொண்டு இருக்கலாம்.

உங்கள் வீட்டில் ராணுவத்திலோ, விமானப்படையிலோ, கடற்படையிலோ இருந்தவர்கள் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். "தாத்தா, எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று கேட்காதீர்கள். எந்த ஊரில் இருந்தீர்கள், எந்த வருடம், கூட இருந்தவர்கள் பெயர் என்ன, திரும்பி வராதவர் யார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். அவர்கள் பெரும்பாலும் தங்களைப் பற்றிப் பேசமாட்டார்கள், கூட இருந்தவரைப் பற்றிப் பேசுவார்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பணிவிடுப்புச் சான்றிதழ், பதக்கம், பழைய கடிதம் எது இருந்தாலும் படம் எடுத்து வையுங்கள். படத்தின் பின்னால் பெயரும் வருடமும் எழுதுங்கள். பெயர் எழுதாத பழைய புகைப்படம் எத்தனை வீட்டுப் பரணில் கிடக்கிறது தெரியுமா? அதில் நிற்பவர் யார் என்று சொல்லக்கூடிய கடைசி ஆளும் போய்விட்டால், அது வெறும் அட்டைதான்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. வகுப்பில் 1965 போரை ஐந்து மதிப்பெண் வினாவாக மட்டும் நடத்தாதீர்கள். தேவய்யாவின் கதையைச் சொல்லிவிட்டு, பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது உண்மை என்று நமக்கு எப்படித் தெரியும்?" அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய பிள்ளை, நாளைக்கு யார் எந்தப் பொய்யை அனுப்பினாலும் ஏமாறாது.

வருகிற செப்டம்பர் 7 அன்று உங்கள் நிலைத்தகவலில் கொடி போடுவது உங்கள் விருப்பம். அதோடு அஜ்ஜமாட போபய்யா தேவய்யா என்ற பெயரையும் முழுதாக, பிழையில்லாமல் எழுதுங்கள். பெயரை மாற்றாமல் எழுதுவதே அவருக்குச் செய்யும் முதல் மரியாதை.

உங்கள் குடும்பத்திலோ ஊரிலோ பேசப்படாமல் போன வீரர் யாராவது இருந்தால், பெயர், ஊர், வருடம் இந்த மூன்றையும் கீழே எழுதுங்கள். ஒன்று விடாமல் படிப்பேன். சந்தேகம் இருந்தால் திருப்பிக் கேள்வி கேட்பேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

எல்லோரும் நலமாக இருங்கள். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்